பாரி என்னும் பெயர் நிலைத்த வரலாறு

சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே, ராஜாஜி சாலையும் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலையும் கூடும் இடத்துக்குப் பாரிமுனை என்று பெயர். பேருந்து நடத்துநர்கள் "பாரிஸ், பாரிஸ்" என்று கூவி அழைப்பது அந்த இடத்தைத்தான். கடலூர் மாவட்டத்துக் கரும்பு விவசாயிக்குப் "பாரி கம்பெனி" என்றால் நெல்லிக்குப்பம் ஆலை. ஒரு தலைமுறைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் "பாரி" என்றால் மிட்டாய். வீடு கட்டுபவர்களுக்கு அது பீங்கான் தொட்டி. இத்தனைக்கும் வேராக இருப்பது, கடல் கடந்த மலைநாடு ஒன்றிலிருந்து வந்த ஒரு குடும்பப்பெயர்.

பறம்புமலை ஆண்ட வள்ளல் பாரியின் பெயரால் அமைந்த முனை இது என்று எண்ணியிருப்போர் இன்றும் உண்டு. முல்லைக்குத் தேர் ஈந்த வள்ளலுக்கும் இம்முனைக்கும் தொடர்பு இல்லை. ஆனாலும் அந்த ஒலியொற்றுமையால் அயலாரின் பெயர் ஒன்று தமிழர் நாவில் தயக்கமின்றி வந்து அமர்ந்துகொண்டது. 1788 முதல் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக அப்பெயர் எவ்வாறு வாழ்ந்தது, யாருடைய உழைப்பால் நிலைத்தது என்பதை வரிசையாகப் பதிந்து வைப்பது நம் கடமை.

பெயரின் பிறப்பிடம்

பிரிட்டனின் மேற்கே உள்ள வேல்ஸ் நாட்டில் பழங்காலத்தில் குடும்பப்பெயர் என்று ஒன்று இருந்ததில்லை. ஒருவருடைய பெயரோடு தந்தையின் பெயரைச் சேர்த்துச் சொல்வதே வழக்கம். நாம் தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகப் போட்டுக்கொள்வது போலத்தான் அதுவும். மகன் என்பதற்கு அவர்கள் மொழியில் "ஆப்" என்ற சொல் இருந்தது. ஹாரி என்பவரின் மகன் "ஆப் ஹாரி". இவ்வாறு ஐந்தாறு தலைமுறையை ஒரே மூச்சில் அடுக்கிச் சொல்லக்கூடியவர்களை அந்நாட்டில் குடிப்பிறப்பு உடையவர்கள் என்று மதித்தார்கள்.

1536, 1542 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களால் வேல்ஸ் இங்கிலாந்தோடு இணைக்கப்பட்டது. நீதிமன்றமும் பத்திரமும் ஆங்கில முறைக்கு மாறின. தலைமுறைக்குத் தலைமுறை மாறும் பெயர் எழுத்தர்களுக்கு ஒத்துவரவில்லை. ஆகவே தந்தை பெயரே நிலையான குடும்பப்பெயராக உறைந்தது. அப்போது "ஆப்" என்பதன் கடைசி ஒலி அடுத்த பெயரோடு ஒட்டிக்கொண்டது. ஆப் ஹாரி, பாரி ஆயிற்று. இதே வழியில் ஆப் ரீஸ் பிரைஸ் ஆனது. ஆப் ஹவல் பவல் ஆனது. ஆப் ரிச்சர்ட் பிரிச்சர்ட் ஆனது. ஆப் ஹியூ பியூ ஆனது. இவற்றுள் பியூ என்ற பெயரும் நம் வரலாற்றில் பின்னர் வந்து சேரும்.

பாரி என்ற பெயரைத் தாங்கியவர்கள் பல துறைகளில் விளங்கினார்கள். முதலாம் எலிசபெத் அரசியாரின் நம்பிக்கைக்குரிய தோழியாக அரண்மனையில் வாழ்ந்தவர் பிளான்ச் பாரி. வில்லியம் எட்வர்ட் பாரி வட துருவக் கடல்களில் வழி தேடிச் சென்ற கடற்படைத் தளபதி. கனடாவின் வடபகுதியில் பாரி கால்வாய், ஒன்டாரியோ மாநிலத்தில் பாரி சவுண்ட் என்னும் ஊர், நிலவில் ஒரு பள்ளம், பனிப்படிகங்களால் சூரியனைச் சுற்றித் தோன்றும் ஒளிவளைவு ஒன்று ஆகியவை அவர் பெயரைக் கொண்டவை. இசை உலகில் ஹூபர்ட் பாரியும், வேல்ஸின் மெர்தர் டிட்ஃபில் ஊரில் பிறந்த ஜோசப் பாரியும் புகழ் பெற்றவர்கள். என்றாலும், ஒரு மாநகரின் நடுச்சந்தியாகவும், ஆலையாகவும், கடைப்பண்டமாகவும் அப்பெயர் அன்றாட வாழ்வில் கலந்தது சோழமண்டலக் கரையில்தான்.

முதல் பதினைந்து ஆண்டுகள்: 1788 – 1803

வேல்ஸின் மான்ட்கோமரி வட்டாரத்தில், வெல்ஷ்பூல் ஊரை அடுத்த பகுதியில் 1768இல் பிறந்தவர் தாமஸ் பாரி. இருபது வயதில், 1788இல் மதராஸில் வந்து இறங்கினார். ஹைதர் அலியின் குதிரைப்படை நகரின் சுற்றுப்புறம் வரை வந்து போய் எட்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. போரும் பஞ்சமும் விட்டுச் சென்ற அச்சம் மக்கள் மனத்தில் இன்னும் ஆறவில்லை. அப்படிப்பட்ட நாளில்தான் அந்த இளைஞர் இங்கே தொழில் தொடங்கத் துணிந்தார். 1788 ஜூலை 17ஆம் நாளையே நிறுவனத்தின் தொடக்க நாளாகக் கொள்வது மரபு.

அந்நாளில் மதராஸுக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரைக்கு வெகு தொலைவில் ஆழ்கடலிலேயே நங்கூரம் பாய்ச்சும். ஆளையும் சரக்கையும் கரை சேர்ப்பவை மசூலாப் படகுகள். ஆணி அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய படகுகள் அவை. அலை மோதும்போது மரம் விரிந்து கொடுக்கும். ஆணி அடித்த படகாக இருந்தால் பிளந்துவிடும். அந்த நுட்பத்தை அறிந்த நம் கரையோர மக்களின் துடுப்பு வலிமையில்தான் மதராஸின் வணிகம் முழுவதும் மிதந்தது. தாமஸ் பாரி கரை ஏறியதும், அவருடைய துணிப் பொதிகள் கப்பல் ஏறியதும் அப்படித்தான்.

கிழக்கிந்தியக் கம்பெனியில் உத்தியோகம் பாராமல், அதன் அனுமதியை மட்டும் பெற்றுத் தம் பொறுப்பில் வணிகம் செய்வோரைச் சுதந்திர வணிகர் என்பார்கள். பாரி அந்த வகையைச் சேர்ந்தவர். துணி வாணிகமும், பணம் கொடுக்கல் வாங்கலும் அவர் கைக்கொண்ட முதல் தொழில்கள். கம்பெனியின் ஏகபோகம் ஒரு பக்கம், போர்க்காலத்துக் கப்பல் இழப்புகள் மறுபக்கம் என்று நெருக்கிய சூழலில் பலர் வந்தார்கள், நொடித்தார்கள், திரும்பிப் போனார்கள். பாரி நிலைத்தார். கூட்டாளிகள் மாறினார்கள். பெயர்ப்பலகையும் மாறியது. பாரி, பியூ, பிரைட்ஹாப்ட் என்று மூன்று பெயர்கள் சேர்ந்து நின்ற காலமும் உண்டு. எத்தனை முறை பலகை மாற்றி எழுதப்பட்டாலும் பாரி என்ற பெயர் மட்டும் அதில் நீங்காமல் நின்றது.

முனைக்குப் பெயர் வந்தது: 1803 – 1824

1803இல் நிறுவனம் இன்றைய முனைக்கு வந்து சேர்ந்தது. அந்த இடத்துக்கே ஒரு முன்வரலாறு உண்டு. 1758–59இல் பிரெஞ்சுத் தளபதி லாலி புனித ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்டபோது, கோட்டையை ஒட்டியிருந்த பழைய கருப்பர் நகரத்தின் வீடுகள் எதிரிக்கு மறைவிடமாகப் பயன்பட்டன. முற்றுகை நீங்கியதும் அவ்வீடுகளை அகற்றிக் கோட்டையைச் சுற்றித் திறந்த வெளி ஏற்படுத்தினார்கள். அதன் எல்லையைக் குறிக்க 1773இல் கல்தூண்கள் நடப்பட்டன. அவற்றுள் இன்று எஞ்சியிருக்கும் ஒரே தூண் நிற்பது நம் பாரிமுனையில்தான். வெட்டவெளி முடிந்து ஊர் தொடங்கும் அந்த எல்லையில், கடலைப் பார்த்தபடி கடை விரித்தது பாரியின் தொலைநோக்கு. அன்றைக்குக் கடலலை இன்றைய ராஜாஜி சாலையை ஒட்டியே வந்து போனது.

1805இல் சாந்தோமில் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றை பாரி நிறுவினார். வாங்கி விற்பதோடு நில்லாமல் பொருளை ஆக்கும் தொழிலிலும் நிறுவனம் காலடி வைத்தது அப்போதுதான். பிற்காலத்து ஆலைகள் அனைத்துக்கும் இதையே தொடக்கப் புள்ளியாகக் கொள்ளலாம்.

இதே காலத்தில் ஒரு சோதனையும் வந்தது. ஆற்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்தவர்களின் உரிமைக் கோரிக்கைகளை ஆராய ஆணையர்கள் அமர்த்தப்பட்டிருந்தார்கள். போலிப் பத்திரங்கள் தொடர்பாக நீதிமன்றத்தில் நடந்த வழக்குகளில் நகரமே இரண்டுபட்டது. கவர்னர் ஜார்ஜ் பார்லோவின் அரசு தன் ஆணையர்களுக்கு எதிராக நின்றவர்கள் மீது கடுமை காட்டியது. மதராஸை விட்டு வெளியேறுமாறு ஆணை பெற்றவர்களில் தாமஸ் பாரியும் ஒருவர். வேறொருவராக இருந்தால் அத்துடன் கணக்கை முடித்திருப்பார். பாரி சோழமண்டலக் கரையை மறக்கவில்லை. மீண்டும் இங்கு வந்து தொழிலை நடத்தினார். 1813இல் கம்பெனியின் இந்திய வணிக ஏகபோகம் சட்டத்தால் நீங்கியபோது, அவரைப் போன்ற வணிகர்களுக்குக் கடல்வழி தாராளமாகத் திறந்தது.

1819இல் ஜான் வில்லியம் டேர் வந்து சேர்ந்தார். நிறுவனத்தின் இரண்டாம் தூண் அவர். வயது ஐம்பதைத் தாண்டிய பாரிக்கு அவர் வலக்கையாக இருந்தார்.

1824இல் பரங்கிப்பேட்டைப் பக்கம் சென்றிருந்த பாரியைக் காலரா தாக்கியது. அந்நோய்க்கு அக்காலத்தில் மருந்து இல்லை. ஐம்பத்தாறு வயதில் அவர் காலமானார். கடலூர் கிறிஸ்து ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் பிழைப்புத் தேடி வந்தவர், தாம் தொழில் செய்த கரையிலேயே மண்ணோடு கலந்தார்.

ஆலைப் புகைபோக்கி எழுந்த காலம்: 1824 – 1900

நிறுவனர் மறைந்தபின் நொறுங்கிய வணிக இல்லங்கள் அக்காலத்தில் ஏராளம். பாரி இல்லம் அந்தக் கண்டத்தைத் தாண்டியதற்கு டேரின் உழைப்பே காரணம். 1838இல் அவர் காலமாகும் வரை பொறுப்பைச் சுமந்தார். அவர் விரும்பியிருந்தால் தம் பெயரையே முன்னிறுத்தி இருக்கலாம். அவர் காலத்திலும் நிறுவனரின் பெயர் முதலிடத்திலேயே இருந்தது. அடுத்த ஆண்டு, 1839இல், பாரி அண்ட் கம்பெனி என்ற பெயர் நிலைபெற்றது.

1842இல் நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை எழுந்தது. இந்திய நாட்டின் நவீன சர்க்கரைத் தொழிலுக்கே முன்னோடி என்று போற்றப்படும் ஆலை அது. அதுவரை தென்னாற்காட்டு விவசாயி கரும்பை மாட்டுச் செக்கில் ஆட்டி, அகன்ற கொப்பரையில் காய்ச்சி, வெல்லமாக அச்சில் வார்த்தான். ஆலை வந்தபின் வேலை வேறு விதமானது. வெட்டிய கரும்பு வண்டி வண்டியாக வாசலுக்கு வரும். எடை போட்டுச் சீட்டு வாங்கிக்கொண்டு வண்டிக்காரர் காத்திருப்பார். உருளைகளுக்கு இடையே கரும்பு நசுங்கிச் சாறு ஒருபுறமும் சக்கை மறுபுறமும் பிரியும். சாற்றில் சுண்ணாம்பு சேர்த்து அழுக்கைப் படிய வைத்து, தெளிந்ததை மூடிய பாத்திரத்தில் குறைந்த சூட்டில் சுண்டக் காய்ச்சுவார்கள். பாகு பூத்துப் படிகம் கட்டும் பதத்தை அறிவது அனுபவசாலியின் வேலை. கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். விரலிடுக்கில் இழுத்துப் பார்ப்பார். அவர் தலையசைத்த பிறகே அடுத்த கட்டம்.

நெல்லிக்குப்பத்தில் ஆலை வேலை என்பது குடும்பச் சொத்துப் போலத் தந்தைக்குப் பின் மகன் என்று தொடர்ந்தது. அரைவைப் பருவம் வந்தால் இரவும் பகலும் ஊர் தூங்காது. ஆலைச் சங்கின் ஒலியே பல கிராமங்களுக்குக் கடிகாரம். பாகின் மணம் காற்றில் வரும் திசையை வைத்தே ஊரை அடையாளம் கண்டுகொள்வார்கள். வேல்ஸ் நாட்டில் பிறந்த பெயர் தென்னாற்காட்டு மண்ணில் ஊன்றியது இவர்களுடைய வியர்வையில்தான்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சம் வேளாண்மையை வேரோடு அசைத்தது. அதே 1876இல் மதராஸில் துறைமுக வேலை தொடங்கியது. 1881 நவம்பரில் வீசிய பெரும்புயல் அதைச் சிதைத்தது. மீண்டும் கட்டினார்கள். துறைமுகம் எழுந்தபின் கடல் மெல்லப் பின்வாங்கியது. அலைக்கரையில் நின்ற பாரிமுனை படிப்படியாக நகரத்தின் உள்முனை ஆயிற்று. எதிரே பழைய திறந்தவெளியில் 1892இல் உயர் நீதிமன்றக் கட்டடம் எழுந்தது. பின்புறம் காசிச் செட்டித் தெரு, கோவிந்தப்ப நாயக்கன் தெரு, பந்தர் தெரு, ஆண்டர்சன் தெரு என்று மொத்த வணிகம் பெருகியது. பத்திரம் எழுதவும், வழக்காடவும், சரக்கு எடுக்கவும் வெளியூரிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் இறங்கிய இடம் பாரிமுனையே. அரசாணை எதுவும் இல்லாமல், மக்கள் வாய்மொழியாலேயே அம்முனைக்கு அப்பெயர் நிலைபெற்றது.

1897இல் ஈஸ்ட் இந்தியா டிஸ்டில்லரீஸ் அண்ட் சுகர் ஃபாக்டரீஸ் என்ற நிறுவனம் லண்டனில் பதிவாயிற்று. ஆலைகள் அதன் பெயரில் இருக்க, மேலாண்மை பாரி கம்பெனியின் கையில் இருந்தது. இன்று நாம் சொல்லும் "ஈ.ஐ.டி." என்ற மூன்றெழுத்து அங்கிருந்து வந்தது.

உரம், மிட்டாய், மாளிகை: 1900 – 1947

1906ஆம் ஆண்டு மதராஸ் வணிக உலகில் இருவிதமாக நினைக்கப்படுகிறது. அவ்வாண்டு அக்டோபரில் ஆர்பத்நாட் வங்கி முறிந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு ஒரே நாளில் மறைந்தது. பாரிமுனைக்கு அருகிலேயே, முதல் கடற்கரைச் சாலையில் இயங்கிய பேரில்லம் அது. அந்த அதிர்ச்சியில் ஊரே தடுமாறியபோதும் பாரி கம்பெனி அசையாமல் நின்றது. அதே 1906இல் ராணிப்பேட்டையில் சூப்பர் பாஸ்பேட் உரம் செய்யும் தொழிற்சாலையை நிறுவனம் தொடங்கியது. இந்திய நாட்டிலேயே அவ்வகையில் முதலாவது என்ற பெருமை அதற்கு உண்டு. சாணமும் தழையும் தவிர வேறு உரம் அறியாத விவசாயிக்கு வெள்ளைப் பொடியைக் காட்டி நம்ப வைப்பது எளிதாக இருந்திருக்காது. அந்த நம்பிக்கையை வயல் வயலாகச் சென்று வளர்த்தவர்கள் பெயர் தெரியாத கள ஊழியர்கள்.

1914இல் நெல்லிக்குப்பத்தில் மிட்டாய்த் தொழில் தொடங்கியது. அவ்வாண்டு செப்டம்பர் 22 இரவில் எம்டன் கப்பல் மதராஸ் மீது குண்டு வீசியது. எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. மக்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டு ஓடினார்கள். உலகப்போரின் வாசலில் பிறந்த மிட்டாய்த் தொழில் அந்தக் கசப்பை எல்லாம் தாண்டி வளர்ந்தது. பெட்டிக்கடைக் கண்ணாடிச் சாடிக்குள் வண்ணக் காகிதத்தில் முறுக்கி வைத்த பாரி மிட்டாய், காலணாவுக்கும் பிற்பாடு பைசாவுக்கும் விற்றது. ஆலையையும் கம்பெனியையும் அறியாத குழந்தைக்கும் பாரி என்ற பெயர் இவ்வாறு இனித்தது. காபி பைட், லாக்டோ கிங் போன்றவை பிற்காலத்தில் அந்த வரிசையில் வந்து புகழ் சேர்த்தன.

1930களின் இறுதியில் முனையிலிருந்த பழைய கட்டடத்தை நீக்கிப் புதிய மாளிகை எழுப்பினார்கள். 1940இல் முடிந்த அம்மாளிகைக்கு டேர் ஹவுஸ் என்று பெயரிட்டார்கள். முனைக்கு ஏற்கெனவே நிறுவனரின் பெயர் நிலைத்துவிட்டது. இல்லத்தைக் காத்த இரண்டாமவருக்கு அந்த மாளிகையே நன்றிக் கடன் ஆயிற்று. மூலை வளைந்து, நேர்கோடுகள் மேலெழும் அப்போதைய புதிய பாணியில் அமைந்த அக்கட்டடம் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. இரண்டாம் உலகப்போரின்போது ஜப்பானியர் குண்டு வீசுவார்கள் என்ற அச்சத்தில் 1942இல் நகரம் பாதி காலியானது. அந்த நாட்களையும் இந்த மாளிகை கண்டது.

நம்மவர் கைக்கு வந்தது: 1947 – 1988

நாடு விடுதலை பெற்றபின் பழைய வெள்ளையர் கம்பெனிகள் பல கடையைக் கட்டின. பாரி காலத்தோடு இணங்கி நடந்தது. பொறுப்புகள் இந்தியர்களுக்கு வந்தன. ரிசர்வ் வங்கியின் முன்னாள் ஆளுநர் எச்.வி.ஆர். ஐயங்கார் தலைவராக அமர்ந்தது அந்த மாற்றத்துக்குச் சான்று. 1950களில் ராணிப்பேட்டையின் பீங்கான் தொழில் பாரிவேர் என்ற பெயரில் வீடுகளுக்குள் புகுந்தது. சுகாதார வசதி என்பதே அரிதாக இருந்த காலத்தில், தென்னாட்டு நடுத்தரக் குடும்பத்துக்குப் புது வீட்டின் அடையாளமாக அது விளங்கியது.

1961இல் அமெரிக்கக் கூட்டாளிகளோடு சேர்ந்து கோரமண்டல் உர நிறுவனம் தொடங்கப்பட்டது. விசாகப்பட்டினத்தில் அதன் ஆலை 1967இல் உற்பத்தியைத் தொடங்கியது. பசுமைப் புரட்சி தலையெடுத்த தருணத்தில் அது தென்னிந்திய வயல்களுக்குக் கை கொடுத்தது. ராணிப்பேட்டையில் 1906இல் போட்ட விதை அறுபது ஆண்டுகளில் இவ்வாறு கிளைத்தது.

1970களில் நிறுவனம் பெரும் பணமுடையில் சிக்கியது. இருநூறு ஆண்டை நெருங்கிய பெயர் அணைந்துவிடுமோ என்று கலங்கியவர்கள் உண்டு. 1981இல் முருகப்பா குழுமம் அதை ஏற்றுக்கொண்டது. எம்.வி. அருணாசலம் தலைமையில் சீரமைப்பு நடந்தது. நலிந்த நிறுவனத்தை எடுத்து நிறுத்தியது மட்டும் அவர்கள் செய்த உதவி அன்று. அதன் பெயரையும் அப்படியே காத்தார்கள்.

இங்கே முருகப்பா குடும்பத்தின் வரலாற்றையும் நினைவுகூர வேண்டும். காரைக்குடியை அடுத்த பள்ளத்தூரிலிருந்து பர்மா சென்று, 1900இல் மோல்மேனில் தொழில் தொடங்கியவர் திவான் பகதூர் ஏ.எம். முருகப்பச் செட்டியார். 1930களில் தொழிலைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவந்ததால், போரில் பர்மா வீழ்ந்தபோது இல்லம் தப்பியது. 1949இல் அவர்கள் தொடங்கிய டி.ஐ. சைக்கிள் நாடெங்கும் ஓடியது. நகரத்தார் மரபில் முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து விலாசம் என்று வைத்துக்கொள்வார்கள். பெட்டியடிக்கும் கணக்குக்கும் அதுவே முத்திரை. ஏ.எம்.எம். என்ற விலாசம் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் அறக்கட்டளைக்கும் இன்று பெயராக நிற்கிறது. தந்தை பெயரைத் தன் பெயரில் சுமக்கும் மரபில் வந்தவர்களுக்கு, ஹாரியின் மகன் என்று பொருள்படும் ஒரு பெயரின் அருமை தெரிந்திருந்ததில் வியப்பில்லை. பலகையை மாற்றும் உரிமை அவர்களிடம் இருந்தது. ஆயினும் ஈ.ஐ.டி. பாரி என்றே அது தொடர்ந்தது. 1988இல் இருநூறு ஆண்டு நிறைவை அப்பெயருடனேயே நிறுவனம் கண்டது.

புதிய நூற்றாண்டில்

சர்க்கரைத் தொழில் நெல்லிக்குப்பத்தோடு நிற்கவில்லை. கரூர்ப் பக்கம் புகளூர் வரை பரந்தது. சக்கையை எரித்து மின்சாரம் எடுக்கும் முறை வந்தது. அரைத்துத் தள்ளிய சக்கை ஆலையையும் ஓட்டி, மிஞ்சியதை ஊருக்கும் தந்தது. ஊனையூரில் சுருள்பாசி வளர்த்துச் சத்துணவு ஆக்கும் தொழிலிலும் நிறுவனம் இறங்கியது.

2004இல் மிட்டாய்த் தொழில் கொரிய நாட்டு லோட்டே நிறுவனத்திடம் சென்றது. பாரிவேர் ஸ்பெயின் நாட்டு ரோக்கா நிறுவனத்திடம் சேர்ந்தது. உடைமை கைமாறினாலும், வாங்கியவர்கள் பாரிவேர் என்ற பெயரைக் கைவிடவில்லை. அப்பெயருக்கு மக்களிடம் இருந்த மதிப்பே காரணம்.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கடலூர்க் கரையைச் சூறையாடியது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. கரும்பு படுத்துக்கொண்டது. தலைமுறைகளாக ஆலைக்குக் கரும்பு கொடுத்து வந்த குடும்பங்கள் ஓரிரவில் பயிர் இழந்தன. அவர்களே மறுபடி கரணை வெட்டி, பார் பிடித்து நட்டார்கள். பஞ்சத்தையும் போரையும் கண்ட ஆலை இதையும் கண்டு தேறியது.

பாரியின் பெயரோடு சேர்த்து நாம் பெருமையுடன் எண்ணத்தக்கவை பல. சென்னையில் இன்றும் வழங்கும் வணிகப் பெயர்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று அது. சாந்தோமில் 1805இன் தோல் ஆலை, நெல்லிக்குப்பத்தில் 1842இன் சர்க்கரை ஆலை, ராணிப்பேட்டையில் 1906இன் உர ஆலை என்று மூன்று தொழில்களில் முன்னோடி அது. ஆலையும் பண்டமும் கைமாறலாம். மக்களே சூட்டிய ஊர்ப்பெயர் எவருக்கும் சொந்தமாகாமல் எல்லாருக்கும் சொந்தமாக நிற்கிறது.

ஒரு குடும்பப்பெயர் வழக்கமாக வாழ்வது இரத்த வழியில். பாரி என்ற பெயர் இங்கு வாழ்ந்தது உழைப்பின் வழியில். தாமஸ் பாரி அதைக் கொண்டுவந்தார். டேர் காத்தார். நெல்லிக்குப்பத்தின் பாகு காய்ச்சுவோரும், ராணிப்பேட்டையின் உரத் தொழிலாளரும், தென்னாற்காட்டுக் கரும்பு விவசாயிகளும், கணக்கு எழுதிய குமாஸ்தாக்களும் அதைத் தம் பெயராகவே கருதிச் சுமந்தார்கள். பள்ளத்தூர்க் குடும்பம் அதை வீழாமல் தாங்கியது. ஊரில் ஒருவரை "பாரி கம்பெனிக்காரர்" என்று சுட்டும்போது அது அவருடைய குலப்பெயர் போலவே ஒலிக்கிறது. அந்த உரிமையை ஈட்டித் தந்த முன்னோர்க்கு நம் வணக்கம் உரியது. அவர்கள் ஈட்டிய நற்பெயரை அடுத்த தலைமுறையிடம் குறையாமல் ஒப்படைக்கும் பொறுப்பு நம்முடையது.